கணக்கின் தொடரியல்: நிலைமாற்றமும் மின்நிலையமும் தமிழில் வினாவாகும்போது

சுருக்கம்

வெப்ப இயக்கவியலின் தொடக்கநிலைக் கணக்குகளைத் தமிழில் கற்பிப்பதில் நேரும் இடர்ப்பாடு, கலைச்சொற் பற்றாக்குறையால் எழுவது என்பது பரவலான எண்ணம். கலைச்சொற்கள் நம்மிடம் போதிய அளவில் உள்ளன. வினாத் தொடரின் அமைப்பே மாணவரை இடறச் செய்கிறது என்பதும், அதனைச் சீர்செய்யும் பயிற்சி தமிழ்த்துறையினரிடம் உள்ளது என்பதும் இக்கருத்துரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், உள்ளுறை வெப்பம், தொடரியல், வேற்றுமை, தொழில் முதனிலை, கணக்கு

முன்னுரை

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில், நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையில் அமைந்தது சிறுசேரி. அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் மென்பொருள் நிறுவனங்களும் சென்னைக் கணிதவியல் கழகமும் தரவு மையங்களும் இயங்குகின்றன. தரவு மையம் பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை அகற்றும் குளிர்விப்புப் பொறிகளில் குளிர்பொருள் ஒன்று ஆவியாகியும் மீண்டும் நீர்மமாகியும் சுழல்கிறது. அதே திசையில் மாமல்லபுரத்தைக் கடந்து சென்றால் கல்பாக்கம். 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் வணிக முறையில் இயங்கத் தொடங்கிய, ஒவ்வொன்றும் 220 மெகாவாட் கொள்ளளவுடைய இரு அணுமின் அலகுகள் அங்கு உள்ளன. அவற்றில் நீர் ஆவியாகிச் சுழலியைச் சுழற்றுகிறது; பின்னர்க் கடல்நீரால் குளிர்ந்து மீண்டும் நீராகிறது. ஒன்று வெப்பத்திலிருந்து வேலையைப் பெறும் இடம். மற்றொன்று வேலையைச் செலவிட்டு வெப்பத்தை அகற்றும் இடம். வெப்ப இயக்கவியல் பாடநூலின் இரு பாதிகளும் ஒரே கடற்கரைப் பகுதியில் அமைந்துள்ளன எனலாம்.

இப்பகுதியின் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் பலர், தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை பரவியுள்ள பொறியியல் கல்லூரிகளை நோக்கிச் செல்கின்றனர். 2021ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு இட ஒதுக்கீடு வழங்கப்பட்டபின் இவ்வழி மேலும் அகன்றுள்ளது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இயந்திரப் பொறியியலின் அடிப்படைத் தாள்களுள் வெப்ப இயக்கவியல் ஒன்று. ஆகவே, நிலைமாற்றத்தைப் பற்றியும் மின்நிலையத்தைப் பற்றியும் தமிழில் கணக்கு எழுதுவது நடைமுறைத் தேவை. அதனைத் தமிழ்த்துறை தன் ஆய்வெல்லைக்குள் இதுவரை உரியவாறு கொண்டுவரவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கலைச்சொல்லில் நின்றுவிட்ட பணி

அறிவியல் தமிழின் வரலாற்றைப் பெரிதும் கலைச்சொல் வரலாறாகவே நாம் எழுதி வந்துள்ளோம். யாழ்ப்பாணத்தில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் பிஷ் கிரீன் (1822-1884), 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் நடத்திய கலைச்சொல் இதழ், 1930களின் சொல்லாக்க முயற்சிகள், 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம் என இவ்வரலாறு நீண்டது, பெருமைக்குரியது. இவற்றின் பயனாகத் தன் வெப்ப ஏற்புத்திறன், உள்ளுறை வெப்பம், பயனுறுதிறன், மீளா நிகழ்வு போன்ற சொற்கள் பள்ளி மாணவர்க்கும் பழகியனவாக உள்ளன.

ஆயினும் சொற்பட்டியல் கணக்கு ஆகாது. கணக்கு என்பது தனியொரு வகைமை. சில செய்திகளைத் தந்து, ஒன்றை மறைத்து, மறைத்ததைத் தந்தவற்றிலிருந்து கண்டறியச் சொல்லும் உரை அது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நெல், பொன், நிலம், காலம் ஆகிய அளவைகளைப் பற்றிய வினாக்களைச் செய்யுளில் வைத்தது என்பதைத் தமிழாய்வாளர் அறிவர். அவ்வினாக்களின் உரைமரபைப் பதிப்பு நோக்கிலும் பண்பாட்டு நோக்கிலும் ஆராயும் நாம், இன்றைய வினாத்தாளில் உள்ள வினாவின் உரையைத் தமிழாய்வுக்குரிய பனுவலாகக் கருதுவதில்லை. அதனால் அத்தொடர்கள் பெரும்பாலும் ஆங்கில வினாவின் நிழலாகவே அமைந்துவிடுகின்றன.

உள்ளுறை வெப்பமும் வெப்பவுள்ளுறையும்

சொல்லளவிலும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. அது சொல் இன்மையால் வந்ததன்று. சொற்கள் தம்முள் மோதுவதால் வந்தது. பனிக்கட்டி உருகும்போதும் நீர் கொதிக்கும்போதும் வெப்பம் தரப்பட்டுக்கொண்டே இருக்கும், வெப்பநிலையோ உயராது. இங்ஙனம் வெப்பமானியில் தோன்றாத வெப்பத்தை 1760களில் ஜோசப் பிளாக் மறைந்திருக்கும் வெப்பம் எனக் குறித்தார். அதனைத் தமிழகப் பாடநூல்கள் 'உள்ளுறை வெப்பம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'மறை வெப்பம்' என்கின்றன. உள்ளுறை உவமம் பயின்ற தமிழ் மாணவர்க்குத் தமிழகச் சொல் உடனே விளங்கும். வெளியே ஒன்று தோன்ற, உள்ளே வேறொன்று நிகழ்வதை அது சுட்டுகிறது.

இலங்கையில் 'உள்ளுறை' என்னும் சொல் வேறோர் இடத்தில் பயன்படுகிறது. தமிழக வேதியியல் நூல்கள் 'என்தால்பி' என ஒலிபெயர்க்கும் அளவை இலங்கை நூல்கள் 'வெப்பவுள்ளுறை' என வழங்குகின்றன. ஆக, உள்ளுறை வெப்பம் என்றால் ஒன்று. வெப்பவுள்ளுறை என்றால் மற்றொன்று. நிலையான அழுத்தத்தில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது நேரும் என்தால்பி மாற்றமே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்பதால், இவ்விரு சொற்களும் ஒரே கணக்கில் அருகருகே வரவும் கூடும். யாழ்ப்பாண நூலையும் சென்னை நூலையும் ஒருசேரப் பயன்படுத்தும் மாணவர் ஒருவர், நீராவி அட்டவணையின் முன் தடுமாறினால் அது அவர் குற்றமாகாது.

'திறன்' என்னும் சொல்லின் நிலையும் எண்ணத்தக்கது. தமிழக வழக்கில் ஒரு நொடியில் செய்யப்படும் வேலை 'திறன்'. பெற்ற வெப்பத்தில் வேலையாகும் பகுதி 'பயனுறுதிறன்'. வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பம் 'வெப்ப ஏற்புத்திறன்'. மூன்றும் வெவ்வேறு அளவுகள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வெவ்வேறு அலகுகள்; பயனுறுதிறனுக்கு அலகே இல்லை. ஆனால் மூன்றும் ஒரே சொல்லில் முடிகின்றன. இலங்கை வழக்கு இவற்றை முறையே வலு, வினைத்திறன், வெப்பக் கொள்ளளவு எனப் பிரித்து வைத்துள்ளது. இந்த இடத்தில் இலங்கைச் சொற்கள் தெளிவானவை என ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. வெப்பப் பரிமாற்றம் இல்லாத நிகழ்வை அவர்கள் 'சேறலிலி' என்கின்றனர். 'செல்லுதல்' என்னும் பொருளில் இலக்கண நூல்கள் ஆண்ட 'சேறல்' என்னும் வடிவம் அங்கு இயற்பியல் வகுப்பறையில் உயிரோடு இருக்கிறது.

ஒரு மின்நிலையக் கணக்கு

தொடரமைப்பு விடையையே மாற்றிவிடும் என்பதற்கு ஒரு சான்று காணலாம். கீழுள்ள வினா இக்கட்டுரைக்காக அமைக்கப்பட்டது. எனினும் மொழிபெயர்ப்பு வினாக்களின் போக்கை ஒத்தது.

"30 விழுக்காடு பயனுறுதிறனுடன் 220 மெகாவாட் திறனில் இயங்கும், கடல்நீரால் குளிர்விக்கப்படும் மின்நிலையத்திலிருந்து வெளியேற்றப்படும் வெப்பத்தால் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை 7 பாகை உயருமெனில், ஒரு நொடியில் தேவைப்படும் நீரின் நிறையைக் காண்க."

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் 220 மெகாவாட் என்பது நிலையம் பெறும் வெப்பமா, தரும் மின்சாரமா என்பதைத் 'திறனில் இயங்கும்' என்னும் பெயரெச்சம் சொல்லவில்லை. மின்சாரம் எனக் கொண்டால், நிலையம் பெறும் வெப்பம் நொடிக்கு ஏறத்தாழ 733 மெகாஜூல். கடலுக்குச் செல்வது 513 மெகாஜூல். ஒரு கிலோகிராம் கடல்நீரை ஒரு பாகை உயர்த்த 4 கிலோஜூல் எனக் கொண்டால், நொடிக்கு 18 டன்னுக்குச் சற்று மிகுதியான நீர் தேவை. பெறும் வெப்பம் எனக் கொண்டாலோ, வேலையாவது 66 மெகாஜூல். கடலுக்குச் செல்வது 154 மெகாஜூல். தேவையான நீர் 5.5 டன் மட்டுமே. ஒரே தொடர் மூன்று மடங்குக்கும் மேல் வேறுபடும் இரு விடைகளைத் தருகிறது. மின்நிலையங்களின் கொள்ளளவை மின்சாரத்தால் குறிப்பது பொறியாளர் வழக்கு என்பதை அறிந்தவர் முதல் விடையை அடைவர். அவ்வழக்கை அறியாத முதலாமாண்டு மாணவர்க்கு மொழியே துணை. அம்மொழி இங்குக் கைவிட்டுவிடுகிறது.

அதனையே பின்வருமாறு எழுதலாம்: "ஒரு மின்நிலையம் 220 மெகாவாட் மின்சாரத்தைத் தருகிறது. அது பெறும் வெப்பத்தில் 30 விழுக்காடு மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பம் முழுவதையும் கடல்நீர் ஏற்றுக்கொள்கிறது. அந்நீரின் வெப்பநிலை 7 பாகை மட்டுமே உயர வேண்டும். நொடிக்கு எவ்வளவு கடல்நீர் தேவை?" புதிய கலைச்சொல் எதுவும் இங்குச் சேரவில்லை, 'பயனுறுதிறன்' என்னும் சொல்லும் இன்றியமையாததாக இல்லை. பெயரெச்ச அடுக்கு முற்றுத்தொடர்களாகப் பிரிந்தது, செயப்பாட்டுவினை செய்வினையாயிற்று. செய்த மாற்றம் அவ்வளவே. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் தொங்கும் அடைகளைத் தமிழ் பெயருக்கு முன்னால் ஏற்ற வேண்டியுள்ளது. ஆகவே ஆங்கில வினாவை ஒரே தொடராகத் தமிழாக்கினால், எழுவாயைக் காணுமுன்னரே மாணவர் மூன்று எண்களைச் சுமக்க நேர்கிறது.

தன்வினையும் பிறவினையும்

தமிழின் இயல்பு இத்துறைக்குத் தடை என்பதன்று. சில இடங்களில் ஆங்கிலத்தினும் அது வாய்ப்பானது. உருகுதல், கொதித்தல், உறைதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில வினைகள் தானே நிகழ்வதற்கும் பிறர் நிகழ்த்துவதற்கும் ஒரே வடிவில் நிற்கின்றன. தமிழிலோ உருகு-உருக்கு, ஆவியாகு-ஆவியாக்கு, குளிர்-குளிர்வி எனத் தன்வினையும் பிறவினையும் வடிவிலேயே வேறுபடுகின்றன. 'பனிக்கட்டி உருகியது' என்றால் நிகழ்ச்சி மட்டும் தெரிகிறது. 'நீர் பனிக்கட்டியை உருக்கியது' என்றால் வெப்பத்தை இழந்தது எது, பெற்றது எது என்னும் இரண்டும் தெரிகின்றன. நிலைமாற்றக் கணக்கின் முதற்படி இவ்விரண்டையும் பிரித்தறிவதே.

முதல் விதியில் வரும் குறிச்சிக்கலும் இத்தகையது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூல், அக ஆற்றல் மாற்றம் என்பது வெப்பத்திலிருந்து வேலையைக் கழித்தால் வருவது என்கிறது. அதே வகுப்பின் வேதியியல் நூல், வெப்பத்தோடு வேலையைக் கூட்டினால் வருவது என்கிறது. இரண்டும் சரியானவையே. முன்னதில் வேலை என்பது அமைப்பு செய்த வேலை. பின்னதில் அமைப்பின்மீது செய்யப்பட்ட வேலை. 'வேலை' என்று மட்டும் சொல்லி நிறுத்தும் வினாவில் மாணவர் குறியை ஊகிக்க வேண்டியுள்ளது. வேற்றுமை உருபையும் எழுவாயையும் விடாது எழுதிய வினாவில் ஊகத்துக்கு இடமில்லை. கூட்டல், கழித்தல் என்னும் குறிகள் இங்கு வேற்றுமைப் பொருளின் சுருக்கெழுத்துகளாகின்றன.

'வெப்பம்', 'வெப்பநிலை' ஆகியவற்றின் மயக்கமும் தொடரில்தான் தெளியும். பேச்சில் இரண்டும் சூடுதான். 30 பாகையில் உள்ள ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். கொதிநிலையை எட்டிய அந்நீர் முழுவதையும் ஆவியாக்க ஏறத்தாழ 2257 கிலோஜூல் வேண்டும்; இது முன்னதைப் போல ஏழரை மடங்குக்கும் மேல். 'நீர் சூடாகிறது' என்னும் தொடர் முதற்பகுதிக்கே பொருந்தும். மிகப்பெரிய செலவு நிகழும் இரண்டாம் பகுதியில் நீர் சூடாவதில்லை. 'நீர் வெப்பத்தைப் பெறுகிறது. அதன் வெப்பநிலை மாறவில்லை' என இரு எழுவாய்களைப் பிரித்து எழுதும் ஆசிரியர், பாதி விளக்கத்தைத் தொடரிலேயே தந்துவிடுகிறார்.

தொழில் முதனிலை எட்டும் கணக்கின் வாசிப்பும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகள் எட்டினைத் தொகுக்கிறது. வினை, அதனைச் செய்வது, செய்யப்படும் பொருள், நிகழும் இடம், காலம், கருவி, யாருக்கு, எதன் பயனாக என்பன அவை. மேலே கண்ட மின்நிலைய வினாவை இவ்வெட்டினாலும் வினவிப் பார்க்கலாம். வினை, வெப்பத்தை மின்சாரமாக்கல். செய்வது, நிலையம். செயப்படுபொருள், வெப்பம். இடம் என்ற வினா, அமைப்பின் எல்லை எது, சூழல் எது எனக் கேட்கிறது. காலம் என்ற வினா, தரப்பட்டது மொத்த அளவா, நொடிக்குரிய அளவா எனக் கேட்கிறது. ஜூலுக்கும் வாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கும். கருவி, சுழலும் நீராவி. யாருக்கு என்ற வினாவுக்கு விடை, எஞ்சிய வெப்பத்தை ஏற்கும் கடல். பயன், 220 மெகாவாட் மின்சாரம். வினாவில் எம்முதனிலை விடுபட்டுள்ளது என்பதைக் கண்டால், குழப்பம் எங்கே தோன்றும் என்பது முன்னரே புலப்படும்.

இதனால், தொல்காப்பியர் வெப்ப இயக்கவியலை அறிந்திருந்தார் என்று கூறுவதாகக் கருதிவிடல் ஆகாது. பழந்தமிழ் நூல்களில் இக்கால அறிவியலைத் தேடிக் கண்டதாக அறிவிக்கும் கட்டுரைகள் நம் கருத்தரங்கத் தொகுதிகளில் ஏராளம். அவை அறிவியலுக்கும் பயன்படுவதில்லை. அந்நூல்களின் பெருமையையும் கூட்டுவதில்லை. தொல்காப்பியம் மொழியை ஆராய்ந்த நூல். மொழியால் எழுதப்படும் எதனையும் ஆராய அதன் கருவிகள் உதவும். வினாத்தாளும் மொழியால் எழுதப்படுவதே. இலக்கணத்தில் அறிவியலைத் தேடுவதை விட்டு, அறிவியல் எழுத்தில் இலக்கணத்தைப் பயன்படுத்துவது நம் கடன்.

எழக்கூடிய மறுப்புகள்

பொறியியல் ஆங்கிலத்தில்தான் நடைபெறுகிறது. தமிழ் வினாவைத் திருத்துவதால் பயன் என்ன என ஒருவர் கேட்கலாம். தமிழ்வழி மாணவர்க்கு நிலைமாற்றம் பற்றிய முதல் தெளிவு பள்ளியில், தமிழில்தான் கிடைக்கிறது. அங்கு வெப்பத்தையும் வெப்பநிலையையும் பிரித்தறியாதவர் ஆங்கிலத்துக்குச் சென்றபின் தாமே பிரித்தறிவார் என நம்புவதற்கு இடமில்லை. மேலும், தமிழ்வழிப் பொறியியல் நிலைபெறாமைக்கு வேலைவாய்ப்பு, நூற்பற்றாக்குறை முதலிய காரணங்கள் பல இருப்பினும், படித்தவுடன் பொருள் விளங்காத நூல்நடையும் அவற்றுள் ஒன்று. அதனைக் களைவது நம் கைக்கு எட்டியது.

தமிழாசிரியர்க்கு இயற்பியல் தெரியாதே என்பது இரண்டாம் மறுப்பு. கணக்கின் விடையை இயற்பியலாரே காண வேண்டும், இதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தொடருக்கு இருபொருள் உண்டா எனக் காண்பது உரையாசிரியர் மரபில் வந்த பணி. சேனாவரையரும் தெய்வச்சிலையாரும் ஒரு சொற்றொடரில் நுணுகி நோக்கிய கூர்மையை வகுப்பில் போற்றிக் கற்பிக்கும் நாம், அக்கூர்மையை நம் மாணவரின் வினாத்தாளில் செலுத்தக் கூடாதா?

செய்யத்தக்கன

முதலாவதாக, மேல்நிலை வகுப்பு முதல் பொறியியல் முதலாமாண்டு வரையிலான தமிழ் வினாக்களைத் திரட்டி, பெயரெச்ச அடுக்கு, செயப்பாட்டுவினை, விடுபட்ட எழுவாய், மயங்கும் வேற்றுமை ஆகியவற்றை ஆராய்வதை முனைவர் பட்டப் பொருளாகத் தமிழ்த்துறைகள் ஏற்க வேண்டும். இரண்டாவதாக, தமிழக, இலங்கைக் கலைச்சொற்களைப் பொருள் வேறுபாட்டோடும் பயன்பாட்டுத் தொடரோடும் ஒருங்கே தரும் ஒப்பீட்டுத் தொகுதி வேண்டும். உள்ளுறை வெப்பம், வெப்பவுள்ளுறை போன்ற இணைகள் அதில் முதலிடம் பெற வேண்டும். மூன்றாவதாக, வினாக்கள் அச்சேறுமுன் துறை ஆசிரியரோடு தமிழாசிரியர் ஒருவரும் அமர்ந்து அவற்றை வாசிக்கும் நடைமுறை வேண்டும்.

நான்காவதாக, கணக்கின் களம் நம் மண்ணாக வேண்டும். கல்பாக்கத்தில் கடல்நீரை ஆவியாக்கிக் குடிநீராக்கும் பிரிவு உண்டு. அதற்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் நிலையம், நிலைமாற்றம் இன்றி, படலத்தின் வழியே அழுத்திக் கடல்நீரை நன்னீராக்குகிறது. ஒரே கடல், ஒரே பயன், ஒன்றில் உள்ளுறை வெப்பம் உண்டு, மற்றொன்றில் இல்லை. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டிலும் ஆகும் ஆற்றலை ஒப்பிடுக என்னும் வினா சிறுசேரி மாணவர்க்கும் யாழ்ப்பாண மாணவர்க்கும் ஒருங்கே பொருந்தும்.

முடிவுரை

கலைச்சொல் ஆக்கியோர் தம் பணியைச் செவ்வனே செய்து சென்றனர். அச்சொற்களைக் கொண்டு ஐயமற்ற ஒரு வினாவை எழுதும் பணி நம்மிடம் விடப்பட்டுள்ளது. வெப்பம் எதிலிருந்து எதற்குச் சென்றது, வேலையைச் செய்தது எது, தரப்பட்ட எண் எதனுடையது என்னும் மூன்றையும் தொடரே சொல்லிவிடுமாயின், மாணவரின் உழைப்பு மொழியோடு போராடுவதில் கழியாமல் இயற்பியலுக்கே செல்லும். அத்தகைய தொடரை எழுதவும் எழுதியதைத் திருத்தவும் வேண்டிய இலக்கணப் பயிற்சியைத் தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் அளித்து வருகின்றன. அப்பயிற்சி செல்லும் இடங்களுள் வெப்ப இயக்கவியல் வகுப்பறையும் ஒன்றாதல் வேண்டும்.